எழுதப்படாத ஏடு: இருளர் மக்களின் வாழ்வும் பாட்டும்



நமது ஆண்டு மலர்களில் பக்தாதின் வரலாற்றையும் குர்துபாவின் வரலாற்றையும் பலமுறை வாசித்திருக்கிறோம். அவை அறிய வேண்டிய வரலாறுகள்தாம். ஆயினும், நமது மஹல்லாவிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஏரிக்கரையிலும் சவுக்குத் தோப்புகளின் ஓரத்திலும் குடிசையிட்டு வாழும் ஒரு மக்களின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை பரவி வாழும் இருளர் மக்களைப் பற்றியே இவ்வாண்டு எழுத விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஐப்பசி அடைமழையின்போது, பள்ளிவாசலில் ஹவ்லுக்கு அருகே அடுக்கியிருந்த விறகுக் குவியலுக்குள் ஒரு பாம்பு நுழைந்துவிட்டது. மக்தபில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்த நேரம். ஒருவர் ஓடிச்சென்று இருளர் பெரியவர் ஒருவரை அழைத்து வந்தார். அவர் விறகைத் தொடவில்லை. முதலில் குந்தி அமர்ந்து ஈர மண்ணை நெடுநேரம் பார்த்தார். அப்போது அவர் வாய்க்குள் ஏதோ ஒன்றை மெல்ல முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பிறகு இரண்டே விறகை நகர்த்திக் கண்ணாடி விரியன் ஒன்றைப் பிடித்துப் பையில் இட்டார்.

"என்ன பெரியவரே பாடினீர்கள்?" என்று கேட்டேன்.

"அது பாட்டு இல்லீங்க பாய். எங்க அப்பன் வாயில இருந்துச்சு, என் வாயிலயும் இருக்குது" என்று சிரித்தார்.

கையில் பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு லுஹர் தொழுகைக்குச் சென்றுவிட்டேன். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஈராண்டு கழித்து மீண்டும் ஒரு பாம்பு வந்தபோது வந்தவர் அவருடைய மகன். தந்தை இறந்துவிட்டதாகச் சொன்னார். அந்த முணுமுணுப்பைப் பற்றிக் கேட்டேன். "சின்ன வயசுலயே செங்கல் சூளைக்குப் போயிட்டேங்க. எனக்கு வராது" என்றார்.

மனனத்தின் வழியாகவே கல்வி பெற்றவன் நான். உஸ்தாதின் வாயிலிருந்து மாணவனின் செவிக்கு வந்த கல்விக்கு எத்தகைய மதிப்பு உண்டு என்பதை மதரஸாவில் கற்றவன். அத்தகைய ஒரு தொடர் என் கண்ணெதிரே அறுந்ததை நான் அறியாமல் இருந்துவிட்டேன் என்ற வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம்.

யார் இந்த இருளர்?

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் என மத்திய அரசு பட்டியலிட்டுள்ள ஆறு சமூகங்களுள் இருளரும் ஒருவர். தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோர் மற்ற ஐவர். 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர் ஏறத்தாழ 1 இலட்சத்து 90 ஆயிரம் பேர். நீலகிரிப் பகுதியில் வாழும் இருளருக்குத் தனிமொழி உண்டு. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் 1973ஆம் ஆண்டிலேயே அம்மொழியைப் பற்றி நூல் எழுதியிருக்கிறார். நம் பகுதி இருளர் பேசுவதோ தமிழ்.

ஆங்கிலேயர் காலத்தில் எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில், செங்கல்பட்டு மாவட்ட இருளரைப் பற்றியும் குறிப்புகள் உள்ளன. அவர்கள் எதை உண்கிறார்கள், எவ்வாறு மணமுடிக்கிறார்கள், என்ன வேலை செய்கிறார்கள் என்றெல்லாம் வெளியார் ஒருவரின் பார்வையில் அவை எழுதப்பட்டிருக்கின்றன. அவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே என்ன சொல்லிக்கொண்டார்கள் என்பதை அறிய வேண்டுமானால் பாட்டைத் தவிர வேறு வழி இல்லை. ஏனெனில் அவர்களிடம் ஏடு இல்லை, கல்வெட்டு இல்லை, பலரிடம் குடியிருக்கும் மனைக்குப் பட்டாவும் இல்லை.

நாட்டுப்பாடல்களைத் திரட்டும் பணி தமிழகத்தில் நெடுங்காலமாகவே நடந்து வந்திருக்கிறது. சார்லஸ் கோவர் 1871ஆம் ஆண்டில் தென்னிந்திய நாட்டுப்பாடல்களைத் தொகுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டார். பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டிய பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 1958ஆம் ஆண்டில் 'மலையருவி' என்ற பெயரில் வெளிக்கொணர்ந்தார். 1964ஆம் ஆண்டில் பேராசிரியர் நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' வந்தது. இவையெல்லாம் அரிய பணிகள். ஆயினும் உழவுத் தொழில் செய்யும் ஊர்களின் பாடல்களே இவற்றில் மிகுதி. ஊருக்குப் புறத்தே வாழ்ந்தவர்களின் குரல் இவற்றிலும் அரிதாகவே கேட்கிறது.

வேலையோடு பிறந்த பாட்டு

நமக்குப் பாட்டு என்றால் ஓய்வு நேரத்தில் கேட்பது. இத்தகைய மக்களுக்குப் பாட்டு என்பது மண்வெட்டியையும் கடப்பாரையையும் போல வாழ்க்கைக்கு வேண்டிய ஒரு கருவி. இதைப் புரிந்துகொள்ள அவர்களது தொழில்களை அறிய வேண்டும்.

இருளர் வயல்களில் எலி பிடிப்பதில் வல்லவர்கள். மண்பானையில் வைக்கோலை இட்டுப் புகைமூட்டி, அந்தப் புகையை வாயால் ஊதி வளைக்குள் செலுத்துவார்கள். எலி பதுக்கி வைத்த நெல்லையும் தோண்டி எடுத்துக்கொள்வார்கள். மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் புற்றருகே விளக்கு வைத்து ஈசல் பிடிப்பார்கள். மூலிகைகளை இனம் காண்பார்கள். ஈர மண்ணில் பதிந்த ஒரு கோட்டைப் பார்த்தே போன பாம்பு எது, எவ்வளவு நேரத்திற்கு முன் போனது என்று சொல்வார்கள். இந்தக் கல்விக்கெல்லாம் பாடப்புத்தகம் கிடையாது. தந்தையின் பின்னால் நடந்துசெல்லும் பிள்ளை பார்த்தும் கேட்டுமே கற்றுக்கொள்கிறது. பாம்பின் தடம் பார்ப்பவன் உரத்துப் பாடமுடியாது. நான் கேட்ட முணுமுணுப்பைப் போல அது வாய்க்குள்ளேயே நிற்கும்.

பலர் கூடிச் செய்யும் வேலைகளில்தான் பாட்டு உரத்து எழும். நாற்று நடும் பெண்கள் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் பின்பற்றிப் பாடுவது நம் ஊர் வயல்களில் நாம் கண்டதே. அக்கூட்டத்தில் இருளர் பெண்களும் கூலிக்கு நட்டிருக்கிறார்கள். குனிந்த முதுகின் வலியைப் பாட்டு மறக்கச் செய்யும். எல்லோருடைய கையையும் ஒரே வேகத்தில் கொண்டுசெல்லும். வரப்பில் நிற்கும் உரிமையாளரிடம் நேரே சொல்லமுடியாததைச் சாடையாகச் சொல்லவும் உதவும்.

நெல் குற்றுவதும் செங்கல்பட்டு இருளரின் பழைய தொழில்களுள் ஒன்று. உலக்கை போடும்போது பாடும் பாட்டுக்குத் தமிழில் 'வள்ளை' என்று பெயர். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலேயே இவ்வகைப் பாட்டு இடம்பெற்றுள்ளது. இருவர் ஓர் உரலில் மாறி மாறிக் குற்றும்போது தாளம் தவறினால் உலக்கையோடு உலக்கை மோதும், கை சிதையும். ஆகவே பாட்டு அங்கே அழகுக்காக வந்ததன்று. பாதுகாப்பிற்காக வந்தது.

வேலை முடிந்து குடிசைக்குத் திரும்பினால் தாலாட்டு. மரணம் நேர்ந்தால் ஒப்பாரி. தாலாட்டில் குழந்தை தன் மாமன் யார், பாட்டன் யார் என்று கேட்கிறது. ஒப்பாரியில் இறந்தவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் சொல்லப்படுகிறது. எழுதத் தெரியாத ஒரு சமூகத்தில் பிறப்புப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் பெண்களின் வாயில்தான் இருந்தன என்று சொன்னால் மிகையாகாது.

மாமல்லபுரம் கடற்கரையில்

மாமல்லபுரத்துச் சிற்பங்கள் 1984ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அவற்றைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். அதே கடற்கரையில் ஆண்டுதோறும் மாசி மாதப் பௌர்ணமியன்று மற்றொரு கூட்டம் கூடுகிறது. பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் குடும்பம் குடும்பமாக வந்து, சேலையாலும் தார்ப்பாயாலும் கூடாரம் அமைத்து, மணலிலேயே தங்குகிறார்கள். தங்கள் தெய்வமான கன்னியம்மன் கோபித்துக்கொண்டு கடலுக்குச் சென்றுவிட்டதாகவும், அவளைச் சமாதானப்படுத்தித் தங்களோடு அழைத்துவரவே கடற்கரைக்கு வருவதாகவும் அவர்கள் கூறுகிறார்கள்.

அவர்களது வழிபாடு நமது கொள்கைக்கு வேறானது. அதை இங்கு ஆராய்வது நோக்கமன்று. வரலாற்றை அறிய விரும்பும் ஒருவன் அங்கே கவனிக்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. சிதறிக் கிடக்கும் ஒரு சமூகம் ஆண்டுக்கு ஒருமுறை தன்னைத்தானே எண்ணிப் பார்க்கும் நாள் அது. சூளையிலும் தோப்பிலும் ஆலையிலும் பிரிந்து கிடக்கும் உறவுகள் அங்கே சந்திக்கின்றன. பெண் பார்த்தலும் நிச்சயமும் அங்கேயே நடக்கின்றன. விடியற்காலையில் அலையோரத்தில் எளிய திருமணங்கள் நடைபெறுகின்றன. கடன்பட்டு மண்டபம் பிடித்துத் திருமணம் நடத்தும் நம்மவர்களுக்கு இதில் ஒரு படிப்பினையும் உண்டு. இரவெல்லாம் பாட்டும் ஆட்டமும் தொடர்கின்றன. ஓர் ஊரார் அறிந்த பாட்டை மற்றோர் ஊரார் கேட்டுக் கற்பதற்கும் அவ்விரவே வாய்ப்பாகிறது. கல்லில் செதுக்கியதற்குக் காவலும் கட்டணமும் உண்டு. அதன் அருகிலேயே பாடப்படும் பாட்டுக்குக் காவல் அந்த மக்களின் நினைவு ஒன்றுதான்.

அரபியரும் குர்துகளும்

"இதெல்லாம் ஒரு வரலாறா?" என்று சிலர் எண்ணக்கூடும். கவிதையே அரபியரின் ஆவணம் என்பது நம் உலமாக்கள் அறிந்த முதுமொழி. இஸ்லாத்திற்கு முந்திய அரபியரின் போர், குலம், கொடை, பயணம் ஆகிய அனைத்தையும் நாம் அறிவது, பாலைவனத்தில் வாய்மொழியாகப் பாடப்பட்ட கவிதைகளின் வழியாகவே. ஒட்டகத்தை ஓட்டுவோர் பாடும் பாட்டுக்கு 'ஹுதா' என்று பெயர். அன்ஜஷா (ரழி) அவர்கள் பாடியபோது ஒட்டகங்கள் விரைந்ததையும், அவற்றின்மீது பெண்கள் அமர்ந்திருந்ததால் மென்மையாக ஓட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதையும் ஹதீஸில் ஓதியிருக்கிறோம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு அகழ்ப்போருக்காக மண் சுமந்த தோழர்கள் பாடிக்கொண்டே வேலை செய்தார்கள். நபி (ஸல்) அவர்களும் அவர்களுடன் குரல் கொடுத்தார்கள். வேலைப்பாட்டு இழிவானதன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபி (ரஹ்) அவர்கள் 1187ஆம் ஆண்டில் பைத்துல் முகத்தஸை மீட்டதை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அவர்கள் பிறந்த குர்து இனத்தாரில் பெரும்பாலோர், நமது கடற்கரை ஊர்களில் பலரைப் போலவே, ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். மலைகளில் ஆடு மேய்த்து, கோடையில் உயர்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறி, இலையுதிர்காலத்தில் இறங்கிவரும் குலங்கள் அவர்களிடையே இருந்தன. அவ்வாறு இறங்கும் காலத்திற்கென்றே அவர்களிடம் தனிப்பாட்டு உண்டு. குளிர்கால இரவுகளில் விருந்தினர் அறையில் அமர்ந்து குலச்சண்டைகளையும் காதலையும் இடப்பெயர்வையும் நெடும்பாட்டாகப் பாடுவோரைத் 'தெங்பேஜ்' என்பர். குரலால் உரைப்பவர் என்பது அதன் பொருள்.

அக்குர்து மக்களிடையே தோன்றிய அஹ்மத் கானி என்னும் மதரஸா அறிஞர், மக்கள் வாயில் வழங்கிய காதல்கதை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு 1692ஆம் ஆண்டில் 'மெம் உ ஸீன்' என்ற பெருங்காப்பியத்தை இயற்றினார். அதற்கு முன்பே, 1683ஆம் ஆண்டில், சிறுவர்கள் அரபுச் சொற்களுக்குக் குர்து மொழியில் பொருள் கற்பதற்காகச் செய்யுளில் ஓர் அகராதியும் இயற்றினார். ஓதிக்கொடுக்கும் ஓர் ஆலிம் மக்களின் பேச்சையும் பாட்டையும் செவிமடுத்ததன் பயன் இது.

பிற்காலத்தில் துருக்கி அரசு 1983ஆம் ஆண்டின் சட்டத்தால் குர்து மொழியைத் தடுத்தது. அத்தடை 1991ஆம் ஆண்டில்தான் நீங்கியது. ஆர்மீனியாவின் எரவான் வானொலி 1955 முதல் குர்து மொழியில் ஒலிபரப்பி வந்ததால், எல்லைக்கு இப்பாலிருந்த குடும்பங்கள் தங்கள் பாட்டைத் தாழ்ந்த ஒலியில் கேட்டுக் காத்துக்கொண்டன. 2007ஆம் ஆண்டில் தியார்பக்கீர் நகரில் தெங்பேஜ்களுக்கென ஓர் இல்லமும் திறக்கப்பட்டது. தடையையும் தாண்டி அப்பாட்டு பிழைத்ததற்குக் காரணம், எங்கோ ஒருவர் அதைக் கேட்டார், பதிவு செய்தார், ஒலிபரப்பினார்.

பாட்டு ஏன் அடங்கியது?

இருளர் பாட்டை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஆயினும் அது அடங்கி வருகிறது. பாட்டு வேலையோடு பிறந்தது. வேலை போனபோது பாட்டும் உடன் போயிற்று.

நெல் ஆலைகள் வந்தபோது உரலும் உலக்கையும் மூலைக்குச் சென்றன. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடிப்பது இருளரின் முக்கிய வருமானமாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் அவ்வருமானத்தை நிறுத்தின. பாம்பினம் காக்கப்பட்டது நல்லதே. ஆனால் பிடித்தவன் வீட்டு அடுப்பு அணைந்தது. அந்நிலையில் ஊர்வன ஆய்வாளர் ராமுலஸ் விட்டேகரின் முயற்சியால் 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் இது இயங்கிவருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சை எடுத்துவிட்டு அவற்றை மீண்டும் காட்டில் விடுகிறார்கள். அந்நஞ்சே பாம்புக்கடிக்கான மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. நாட்டின் எந்த மூலையிலோ பாம்பு கடித்து உயிர் பிழைத்தவர் இம்மக்களுக்குக் கடன்பட்டிருக்கலாம். இம்மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இருப்பினும் எல்லோருக்கும் இவ்வாய்ப்பு கிடைக்கவில்லை. முன்பணம் பெற்றுக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்கும் அரிசி ஆலைக்கும் சென்று, அக்கடனிலிருந்து மீள முடியாமல் கிடந்தவர் பலர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அதற்குப் பின்னரும் நம் வட மாவட்டங்களின் சூளைகளிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் இருளர் குடும்பங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன. சூளையில் வளரும் பிள்ளைக்குக் காடு தெரியாது, தடம் தெரியாது. தாத்தாவின் வாயில் இருந்தது பேரனின் வாய்க்கு வந்துசேர வழியும் இல்லை. பெரியவரின் மகன் என்னிடம் சொன்ன ஒரு வரியில் இவ்வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. கேரளத்து அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர் மூதாட்டி நஞ்சியம்மா, 2020ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு மலையாளத் திரைப்படத்தில் தன் மக்களின் பாட்டைப் பாடி, 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியாகத் தேர்வு பெற்றார். முறையாக இசை கற்காதவருக்கு விருதா என்று சிலர் ஆட்சேபித்தனர். அவர் கற்ற பள்ளி எது என்பது அவர்களுக்குத் தெரியவில்லை போலும்.

நமது பங்கு

பிறர் பாட்டைப் பற்றிப் பேசும் நாம் நம் வீட்டையும் திரும்பிப் பார்க்க வேண்டும். ரமளான் இரவுகளில் தப்ஸ் அடித்து ஸஹருக்கு எழுப்பிய பக்கீர்களின் பாட்டு நம் தெருக்களில் எப்போது நின்றது? நம் பாட்டிமார் பாடிய தாலாட்டை நம் பெண்மக்கள் அறிவார்களா? வேறொருவர் இழப்பை நாம் புரிந்துகொள்ள இவ்விழப்பே போதுமானது.

மனிதர்கள் சமூகங்களாகவும் குலங்களாகவும் ஆக்கப்பட்டிருப்பது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்னும் கருத்தை ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் நமக்கு உணர்த்துகிறது. ஜும்ஆ மேடையில் இதைப் பலமுறை ஓதியிருக்கிறேன். பாம்பு வந்தபோது மட்டும் அழைத்து, பெயர் கேளாமல் அனுப்பிய ஒருவரிடம் இவ்வசனத்தின்படி நான் நடந்துகொள்ளவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆகவே நமது ஜமாஅத் நிர்வாகத்தின் பரிசீலனைக்குச் சில வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் மஹல்லாவுக்கு அருகில் வாழும் இருளர் குடும்பங்களில் சாதிச் சான்றிதழும் குடும்ப அட்டையும் இல்லாதோர் உண்டு. படித்த நம் இளைஞர்கள் அவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்து அலுவலகத்திற்கு உடன்செல்லலாம். நமது கல்வி உதவி நிதியில் ஒரு பங்கை அவர்களுடைய பிள்ளைகளின் படிப்புக்கு ஒதுக்கலாம். கோடை விடுமுறையில் நம் மாணவர்கள், அவர்கள் சம்மதத்தோடும் அவர்கள் உழைப்புக்கு உரிய கூலியோடும், முதியவர்களின் பாட்டைக் கைபேசியிலேயே பதிவு செய்து அக்குடும்பங்களிடமே ஒப்படைக்கலாம். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் 1986 முதல் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகை அறிவைக் காத்து வருகிறது. அத்தகையோரிடம் வழிகாட்டுதலும் கேட்கலாம்.

இவற்றுள் எதுவும் இயலாவிடில், ஒன்றையாவது செய்வோம். அடுத்தமுறை அவர்களில் ஒருவர் நம் வாசலுக்கு வரும்போது நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, பெயரைக் கேட்போம். சென்ற மாதம் அப்பெரியவரின் மகனைக் கடைத்தெருவில் சந்தித்தேன். அவர் தந்தையின் பெயரைக் கேட்டு என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பாட்டு எனக்குக் கிடைக்கவில்லை. "எங்க அத்தைக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கும் பாய், மாசி மகத்துக்கு வருவாங்க" என்று சொல்லியிருக்கிறார். அதற்காகக் காத்திருக்கிறேன்.

அறிந்துகொள்ளும் உள்ளத்தையும் அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணும் பண்பையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.